மாற்றிய முழங்காலில் சீழ்: பேஜ் சிகிச்சைக்கு ஜார்ஜியா போகலாமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். மூன்று மாதமாக வீக்கம். தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை விழுந்து அதன் வழியாகச் சீழ் கசிகிறது. திருவனந்தபுரத்தில் காட்டியதில், போட்ட மூட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கிடையில் துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். ஜார்ஜியா நாட்டில் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸை மருந்தாகக் கொடுத்துக் குணப்படுத்துகிறார்களாம். அங்கே போகலாமா, இல்லை நம் நாட்டிலேயே எங்காவது கிடைக்குமா?

கேட்டிருப்பது இதுதான். ஆனால் இதற்கு அடியில் நீங்கள் கேட்பது வேறு: அம்மாவை இன்னும் இரண்டு தடவை ஆபரேஷன் மேசையில் படுக்க வைக்காமல் தப்பிக்க வழி உண்டா? எந்தப் பிள்ளையும் அதைத்தான் கேட்கும். அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வைரஸ் மருந்து நாளைக்கே கையில் கிடைத்தாலும், சீழ்த் துளை விழுந்துவிட்ட உங்கள் அம்மாவின் முழங்காலில் ஏறக்குறைய நிச்சயமாகக் கத்தி வைத்தே ஆக வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறேன். வீடியோவில் வந்தது பொய் என்றும் நினைத்துவிடாதீர்கள், அதில் உண்மை நிறைய இருக்கிறது.

நான் யார் என்றும் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவ நுண்ணுயிரியல் படித்து, நாகர்கோவிலில் 26 வருடமாகக் கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டுகளோடு காலம் தள்ளுகிறவன். எலும்பு டாக்டர் இல்லை. எந்த ஆபரேஷன் என்று முடிவு சொல்வது என் வேலையும் இல்லை. பேஜ் என்று அழைக்கப்படும் அந்த வைரஸை நான் எந்த நோயாளிக்கும் கொடுத்ததில்லை. படிக்கிற காலத்தில் தட்டில் பார்த்ததுதான். அப்போதெல்லாம் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியில் இது எந்த வகை என்று கண்டுபிடிக்கவே பேஜைத்தான் பயன்படுத்துவார்கள். டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே ஒரு தேசிய மையம் இருந்தது. தட்டு முழுக்கக் கிருமி தோசை மாவு மாதிரிப் பரவி வளர்ந்திருக்கும். பேஜ் சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் சுத்தமாக ஓட்டை. முதல் தடவை அதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் உங்கள் சித்தப்பா மகனுக்கு வந்த அதே ஆசை வந்திருக்கும்: இதையே மனிதனுக்குக் கொடுத்தால் என்ன?

தட்டில் நடப்பது முழங்காலில் ஏன் அப்படியே நடப்பதில்லை என்பதற்கு, மூட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நம் ஊர்க் குளத்துப் படியில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடவப்பாதி மழை முழுக்க அதன்மேல் பெய்தாலும் போகாது. சிரட்டையை வைத்துச் சுரண்டினால்தான் போகும். உலோகத்தின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் கிருமிகள் அப்படித்தான் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. பயோஃபிலிம் என்பார்கள். அதற்குள் இருக்கும் கிருமியில் ஒரு பகுதி உறங்கிக் கிடக்கும். ஆன்டிபயாட்டிக்குகள் பெரும்பாலும் வளர்ந்து பெருகும் கிருமியைத்தான் கொல்லும். உறங்குவதை ஒன்றும் செய்யாது. தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவை ரத்தத்தில் ஏற்றினால் கிருமிக்கு முன்னால் ஆள் போய்விடுவார். மாத்திரை சாப்பிடும்போது அம்மாவுக்குச் சீழ் குறைவதும், நிறுத்தினால் திரும்ப வருவதும் இதனால்தான். மாத்திரை மிதப்பதைக் கொல்கிறது, படியில் ஒட்டியது அப்படியே இருக்கிறது.

அதனால்தான் சுரண்ட வேண்டும், அல்லது படியையே பெயர்த்தெடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்குள்ளேயே தொற்று வந்தாலோ, பழைய மூட்டில் திடீரென்று தொற்று ஏறி மூன்று வாரத்துக்குள் பார்த்துவிட்டாலோ, மூட்டைத் திறந்து கழுவிச் சுரண்டி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றி, உலோகத்தை அப்படியே விட்டுவிடப் பார்ப்பார்கள். மூன்று மாதமாகி, தோலில் துளையும் விழுந்துவிட்டால் அந்தக் கட்டம் பொதுவாகத் தாண்டிவிட்டது என்றே கொள்ள வேண்டும். மூட்டுவரை போகும் துளை ஒன்று இருந்தாலே தொற்று உறுதி, வேறு சான்று வேண்டாம் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவுகோல். அப்புறம்தான் உங்களுக்குச் சொன்ன இரண்டு கட்ட ஆபரேஷன். முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்டால் செய்த தற்காலிகத் துண்டு ஒன்றை வைப்பார்கள். ஆறு வாரமோ அதற்கு மேலோ மருந்து. தொற்று அடங்கியது என்று நம்பிக்கை வந்தபின் புது மூட்டு. பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குத் தொற்று அடங்குகிறது என்று பெரும்பாலான மருத்துவமனைத் தொகுப்புகள் சொல்கின்றன. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தாங்காமல் இரண்டாவதுக்கு வராமலே போனவர்களைச் சில தொகுப்புகள் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள், தப்பில்லை.

மருந்து எவ்வளவு நாள் என்பதிலும் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. 2021இல் வெளியான பிரான்ஸ் ஆய்வு ஒன்றில் ஆறு வாரம் மருந்து எடுத்தவர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று நீங்கவில்லை. பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் 9.4 சதவீதம்தான். அதனால் ஒன்றரை மாதத்தில் வலி போய்விட்டதென்று நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

சரி, பேஜுக்கு வருவோம். முழுப் பெயர் பாக்டீரியோஃபேஜ். பாக்டீரியாவை மட்டுமே பிடிக்கும் வைரஸ், மனிதச் செல்லைத் தொடாது. கிருமியின் மேல் உட்கார்ந்து தன் மரபணுவை உள்ளே செலுத்தும். கிருமிக்குள் பெருகி, அதை வெடிக்கச் செய்து, நூற்றுக்கணக்கில் வெளியே வந்து அடுத்த கிருமியைத் தேடும். கிருமி இருக்கும்வரை பெருகும், கிருமி தீர்ந்தால் தானும் தீர்ந்துவிடும். உள்ளே போட்ட பிறகு தானே அதிகமாகும் மருந்து வேறு எது இருக்கிறது? சில பேஜ்களிடம் அந்த வழுவழுப்புப் படலத்தையே வெட்டும் நொதி உண்டு. மூட்டுத் தொற்றில் இவ்வளவு பேர் இதன்மேல் கண் வைத்திருப்பது அதற்காகத்தான்.

இது புதுச் சரக்கும் இல்லை. 1896இலேயே எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எழுதினார். அது பேஜ்தானா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1915இல் ஃபிரெடரிக் ட்வோர்ட், 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல் என இருவர் தனித்தனியாகப் பேஜைக் கண்டார்கள். டெரெல் 1920களில் இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய நண்பர் ஜார்ஜ் எலியாவா ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் 1923இல் தொடங்கிய நிறுவனம்தான் உங்கள் வீடியோவில் வருவது. எலியாவாவை 1937இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது, ஆனால் நிறுவனம் நின்றுவிடவில்லை. மேற்கே பெனிசிலின் வந்ததும் பேஜை மறந்தார்கள். சோவியத் பக்கம் மறக்கவில்லை. ஆக, அங்கே நூறு வருட அனுபவம் இருப்பது உண்மை. (கங்கை என்று சொன்னதும், ஒருவர் என்னிடம் பழையாற்றில் குளித்தால் போதுமா என்று கேட்டார். பழையாற்றுத் தண்ணீரில் பேஜ் கட்டாயம் இருக்கும். அந்தப் பேஜுக்கு இரையாகிற கிருமியும் இருக்கும். புண்ணோடு இறங்க வேண்டாம்.)

இப்போது எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துப் பார்ப்போம். மருந்துக்கு அடங்காத மூட்டுத் தொற்றில் பேஜ் கொடுத்து நன்மை கண்ட தனித்தனி நோயாளிகள் இருக்கிறார்கள், இது உறுதி. 2021இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஒருவரைப் பற்றி வெளியிட்டது. 62 வயது, சர்க்கரை நோயாளி, மாற்றிய முழங்காலில் கிளெப்சியெல்லா கிருமி. பல ஆபரேஷன் பார்த்து, மருந்துகளுக்கு ஒவ்வாமை வந்து, காலையே எடுத்துவிடலாம் என்ற நிலை. அவருடைய கிருமிக்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு பேஜை ரத்த நாளம் வழியாக 40 தடவை ஏற்றினார்கள். வீக்கமும் வலியும் அடங்கின, கால் தப்பியது. ஆனால் வீடியோக்காரர்கள் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: அவர் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் நிறுத்தவில்லை. பிரான்ஸில் லியோன் நகரக் குழுவும் முதியவர்கள் சிலருக்கு மூட்டைத் திறந்து சுரண்டிவிட்டு, மூடும் முன் பேஜை உள்ளே ஊற்றியிருக்கிறது. அங்கேயும் ஆன்டிபயாட்டிக் கூடவே போனது. இதுவரை வெளிவந்த மூட்டு நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பேஜ் ஆபரேஷனோடு சேர்ந்துதான் போயிருக்கிறது.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் ராணுவ மருத்துவமனைக் குழு 2024இல் தங்கள் முதல் நூறு நோயாளிகளின் கணக்கைக் கொடுத்தது. மூட்டு மட்டும் இல்லை, நுரையீரல், எலும்பு, புண் எல்லாம் கலந்தது. 77.2 சதவீதம் பேருக்கு உடல்நிலை தேறியது. 61.3 சதவீதம் பேரிடம் குறிவைத்த கிருமி ஒழிந்தது. கூடவே ஆன்டிபயாட்டிக் கொடுக்காதவர்களிடம் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். பேஜ் ஆன்டிபயாட்டிக்கைத் துரத்திவிட்டு அதன் நாற்காலியில் உட்காரப் போவதில்லை. இரண்டும் சேர்ந்து தூக்கும் சுமை இது. இந்த நூறு பேருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, பேஜ் கொடுக்காத இன்னொரு நூறு பேர் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பேஜும் மறு பக்கத்துக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்து, மூட்டுத் தொற்றில் இதுதான் முடிவு என்று பெரிய அளவில் சொன்ன ஆய்வை நான் இதுவரை படித்ததில்லை. வேறு நோய்களில் அப்படிச் செய்து பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றம்தான். 2019இல் வெளியான தீக்காய ஆய்வில் பேஜ் வழக்கமான மருந்தைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது. பிறகு பார்த்தால், தயாரித்து வைத்த பேஜ் நாள்பட வீரியம் குறைந்து, நோயாளிக்குப் போகும்போது நினைத்ததைவிடப் பல ஆயிரம் மடங்கு நீர்த்துப்போயிருந்தது. அது பேஜின் தோல்வியா, பாட்டிலின் தோல்வியா? இரண்டாவது என்பது என் எண்ணம், ஆனால் அதை வைத்து வெற்றி என்று சொல்ல முடியாது. ஜெயித்தவர்கள் கதை பத்திரிகையில் வரும், தோற்றவர் கதையை யார் எழுதப் போகிறார்கள் என்பதும் இருக்கிறது.

பக்க விளைவு பெரும்பாலும் குறைவு. ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் முழங்கால் தொற்றுக்கு ரத்த நாளத்தில் பேஜ் ஏற்றிய ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின, நிறுத்தியதும் இறங்கின. பேஜைக் கிருமிக்குள்தான் வளர்க்க வேண்டும். ஆகவே சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் செத்த கிருமியின் நஞ்சும் ஊசியில் சேர்ந்து போகும். ஜார்ஜியா மருந்துக் கடையில் கிடைக்கும் கலவைப் பாட்டில்கள் குடிக்கவும் புண்ணில் ஊற்றவும் செய்தவை. அதை வாங்கிவந்து இங்கே யாரையாவது பிடித்து மூட்டுக்குள் ஊசி போடச் சொல்லாதீர்கள். போடுகிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால் அவரிடமிருந்து இன்னும் வேகமாக விலகுங்கள்.

இந்தியாவில் பேஜ் மருந்து எதற்கும் விற்பனை அனுமதி இல்லை. வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவக் குழு ஆறாத புண்களில் பேஜைத் தடவிப் பார்த்து ஆய்வு வெளியிட்டிருக்கிறது. அது தோல் புண், மூட்டு இல்லை. இங்கே அனுமதி பெறாத மருந்தை, உயிருக்கு ஆபத்தான அல்லது நிரந்தர ஊனம் ஏற்படுத்தும் நோய்க்காக, அரசு மருத்துவமனையோ அரசு மருத்துவக் கல்லூரியோ விண்ணப்பித்து இறக்குமதி செய்ய 2019ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. நம் மாவட்டத்தில் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. விதியில் இடம் இருப்பதும் மேசைமேல் பாட்டில் வந்து இருப்பதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு சொன்னபிறகு நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கேள்வியில் அது இல்லை, இருந்திருந்தால் முதல் வரியிலேயே அதைத்தான் பிடித்திருப்பேன். அம்மாவின் மூட்டில் இருக்கும் கிருமியின் பெயர் என்ன?

பேஜ் என்பது பூட்டுக்கேற்ற சாவி. கிளெப்சியெல்லாவின் பேஜ் ஸ்டெஃபைலோகாக்கஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே கிளெப்சியெல்லாவிலும் ஒருவருடையதைக் கொல்வது இன்னொருவருடையதைக் கொல்லாமல் போகலாம். அதனால் பெயர் மட்டும் போதாது, அந்தக் கிருமியே உயிரோடு வேண்டும். அதன்மேல் ஒவ்வொரு பேஜாகச் சொட்டிப் பார்த்துத்தான் சாவியைத் தேடுவார்கள். திபிலீசியாகட்டும் பிரஸ்ஸல்ஸாகட்டும், முதலில் கேட்பது இதைத்தான். பேஜ் வேண்டாம், வழக்கமான ஆபரேஷன் போதும் என்றாலும் அதே பெயர்தான் முதலில் தேவை. சிமென்டில் எந்த மருந்தைக் கலப்பது, ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் உதவுமா இல்லையா எல்லாம் அதைப் பொறுத்தது.

பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். துளையில் வரும் சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்பினால் தோலில் குடியிருக்கும் கிருமி வளரும், உள்ளே இருப்பது வளராமல் போகலாம். மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுக்க வேண்டும். ஆபரேஷனின்போது தனித்தனி இடங்களிலிருந்து ஐந்து திசுத் துண்டுகளாவது, ஒவ்வொன்றும் தனி டப்பாவில். காய்ச்சல், ரத்தத்தில் தொற்று என்று அவசரம் இல்லாவிட்டால், அதற்கு முன் இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் நிறுத்தியிருக்க வேண்டும். இதை டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக்கூடாது. தட்டை இரண்டு நாளில் மூடிவிடாமல் பதினான்கு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக வளரும் கிருமிகள் உண்டு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் தவறே காரணம். பல வருடங்களுக்கு முன், ரப்பர் வெட்டுகிற ஒருவரின் இடுப்பு மூட்டிலிருந்து ஒரே ஒரு மாதிரி வந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது. எல்லோருடைய தோலிலும் இருப்பதுதான். தோலிலிருந்து ஒட்டியிருக்கும் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு மாதிரி அனுப்பச் சொல்லி ஒரு போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. ஏழு மாதம் கழித்து அவர் சீழோடு வந்தார். இந்த முறை நான்கு துண்டிலும் அதே கிருமி. மாற்று மூட்டில் தொற்று உண்டாக்குகிறவற்றில் முன்வரிசையில் நிற்பது அதுதான் என்று புத்தகத்தில் படித்திருந்தும் எழுதிய வரி அது. ஒரு மாதிரியில் வளர்ந்தால் சந்தேகம், இரண்டில் ஒரே கிருமி வளர்ந்தால் நிரூபணம். அன்றிலிருந்து ஒற்றை மாதிரி வந்தால் போனை எடுத்துவிடுகிறேன்.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது. திருவனந்தபுரம் டாக்டரிடம் மூட்டு நீர் கல்ச்சர் எடுத்தார்களா, என்ன வளர்ந்தது என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அந்த லேபுக்கு உடனே சொல்லி, கிருமியை எறியாமல் கிளிசராலில் போட்டு உறைநிலையில் வைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் போனதும் நாங்கள் தட்டுகளை ஆட்டோக்ளேவில் வேகவைத்து எறிந்துவிடுவோம், யாராவது கேட்டால்தான் வைப்போம். நாளைக்குப் பேஜ் தேவைப்பட்டால், சாவி தேட உங்கள் கையில் இருக்கும் பூட்டு அந்தச் சின்னக் குழாய்தான். இடையில் அம்மாவின் சர்க்கரையை இறக்குங்கள். மரச்சினிக் கிழங்கைக் குறைத்து மீனையும் முட்டையையும் கூட்டுங்கள், புண் ஆறப் புரதம் வேண்டும். ஆபரேஷனை ஜார்ஜியாவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள். சரியாகச் செய்த ஆபரேஷனும் முழு மருந்தும் தோற்றுப்போனால், அல்லது வளர்ந்த கிருமி எந்த மருந்துக்கும் அடங்காதது என்று வந்தால், அப்போது பேஜைப் பற்றி நாம் உட்கார்ந்து பேச நியாயம் இருக்கிறது. அப்போதும் முடிவு எடுக்க வேண்டியவர் அறுவை செய்கிற டாக்டர்தான்.

ரிப்போர்ட் வந்ததும் கிருமியின் பெயர், எத்தனை மாதிரியில் வளர்ந்தது, மாதிரி எடுக்கும்போது ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்ததா என்ற மூன்றை மட்டும் இங்கே எழுதுங்கள். அம்மாவின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம்.